உள்சுத்து, வெளிச்சுத்து

அந்த ஸ்விட்சுல மட்டும் கை வைக்காதீங்கண்ணே. அரை மணி நேரந்தான், ஒயர் மாத்தியாகணும், புரியுது. ஆனா இந்தக் கம்ப்யூட்டர் பத்தொம்போது நாளா நிக்காம ஓடிட்டிருக்கு. இப்ப கரண்ட் போனா மறுபடி முதல்லேர்ந்துதான்.

படமெல்லாம் இல்லண்ணே, கணக்குப் போடுது. இயற்கணிதத்துக்குன்னே ஒரு மென்பொருள். எண்ணு மட்டுமில்ல, எக்ஸ், ஒய்யெல்லாம் எழுத்தாவே வச்சுக்கிட்டுப் பெருக்கும், பிரிக்கும்.

இந்தக் கட்டடத்தையே வச்சுக்கங்களேன். ஒவ்வொரு மாடியா ஏறணும். ஒரு மாடிக்குப் போனா அங்க இருக்கிற அத்தனை ரூமையும் பாத்துட்டுத்தான் அடுத்த மாடி. மாடி வெளிச்சுத்து, ரூம் உள்சுத்து. நாப்பது மாடி, மாடிக்கு இருபது ரூம். ரூமுக்கு ஒரு நீளமான கோவை. அது காரணியாப் பிரியுதான்னு, அதாவது ரெண்டு சின்னக் கோவையோட பெருக்கலா உடையுதான்னு பாக்கணும். பிரிஞ்சா திரையில வரும்.

ஆமா, காலியாத்தான் இருக்கு. வராதுன்னு எங்க துறைத்தலைவர் முப்பது வருஷம் முன்னாடியே நிரூபிச்சுப் புத்தகமே போட்டுட்டாரு. அவர் என் மாமனாரும்கூட. வீட்டுல மாமா, இங்க சார். வாசல்ல வண்டிய விட்டு இறங்கும்போதே மாத்திக்கணும். தினம் காலையில வந்து இந்த வெறுந்திரையை ஆசையாப் பாப்பாரு. ஒண்ணும் வரலையாம்மான்னு கேப்பாரு. வரல சார்ம்பேன். வீட்டுக்குப் போனா அதையே அத்தைகிட்ட சொல்லிச் சொல்லி, சோறு இன்னொரு கரண்டி போட்டுக்குவாரு.

எண்ணூறு ரூமுக்குப் பத்தொம்போது நாளா? ம். இத்தனை நாள்ல நீங்கதாண்ணே கேட்டிருக்கீங்க. எங்க துறையில எல்லாரும் டாக்டர் பட்டம் வாங்கினவங்க, ஒருத்தருக்கும் தோணல.

அது வந்து... மாடிக்கு ஒரு எழுத்து, ரூமுக்கு வேற எழுத்துன்னு வச்சுத்தான் எண்ணணும். ரெண்டுக்கும் ஒரே எழுத்தை வச்சுட்டா, ரூமை எண்ணி முடிக்கிறப்பல்லாம் மாடிக் கணக்கும் இருபதுக்கே வந்துடும். நாப்பதை எட்டவே எட்டாது. பாத்த ரூமையே திரும்பத் திரும்பப் பாத்துட்டிருக்கும். முதல் வருஷப் பிள்ளைங்க பண்ற தப்பு.

இல்லண்ணே, தெரியாமப் பண்ணல. அந்தப் பாடத்தை ஒம்போது வருஷமா நான்தான் நடத்தறேன்.

முதல்ல சரியாத்தான் எழுதினேன். பதினொரு நிமிஷத்துல முடிஞ்சுது. பதினாலாவது மாடி, ஒம்போதாவது ரூம். அழகாப் பிரிஞ்சிடுச்சு. நம்பாம, கையால மூணு தடவை பெருக்கிப் பாத்தேன். சரியா வருது. அவர் புத்தகம் முழுக்க, பிரியாதுங்கிறதுமேலதான் நிக்குது. என் பட்டமும் அதுமேலதான். அன்னைக்கு சாயங்காலமே ஒரே ஒரு எழுத்தை மாத்தி ஓட விட்டேன்.

உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். சரி, மெயின் ஸ்விட்சை அணைச்சிடுங்க. சேச்சே, கரண்ட் மேல பழி போடமாட்டேன். படியில செருப்புச் சத்தம் கேக்குதுல்ல, அவர்தான். போறப்ப அந்த நாற்காலியை மட்டும் இப்படி இழுத்துப் போட்டுட்டுப் போங்கண்ணே. அவர் உக்காந்து கேக்கட்டும்.