கடைசியாக ஒருமுறை கைகுலுக்கல்

கை கழுவினால் துடைக்க வேண்டும் என்பது என் அக்காவுக்கு இன்றுவரை தெரியாது, ஐயா. சொட்டச் சொட்ட வீடு முழுக்க நடப்பாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆய்வகத்துப் பசைக்கூழுக்கு அந்த ஈரம்தான் வேண்டும்.

சாதாரணப் பசை ஈரத்தில் தோற்றுப்போகும். நடுவில் நிற்கும் நீர்ப்படலத்தைத்தான் அது பிடிக்கும், பொருளைப் பிடிக்காது. கடல் சிப்பி கெட்டிக்காரி. அலையடிக்கும் பாறையில், தண்ணீரை ஒதுக்கிவிட்டு நேராகப் பாறையையே பற்றிக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான், தையல் போடாமல் காயத்தை மூட இந்தக் கூழைச் செய்தோம். காய்ந்திருக்கும்வரை பரம சாது. ஈரம் பட்டால் விடாது.

அக்காவும் மாமாவும் பிரிவதென்று முடிவெடுத்திருந்தார்கள். அன்று மதியம் வக்கீல் அலுவலகத்தில் கையெழுத்து. எனக்கு மனசு கேட்கவில்லை. மாமாவின் உள்ளங்கை வெடிப்புக்கு மருந்து என்று சொல்லிக் கூழைத் தடவினேன். அக்கா பாத்திரம் கழுவிவிட்டு வந்தாள்.

"கடைசியா ஒரு தடவை கை குடுத்துக்கங்க," என்றேன்.

கொடுத்தார்கள். வலது கையும் வலது கையும். பிறகு யார் கையெழுத்துப் போடுவது?

ஒன்பது நாளாக நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கிறார்கள். உங்கள் காவல் நிலையக் கதவில் எப்படி நுழைந்தார்கள் என்று நீங்களே பார்த்தீர்கள்.

"டேய், இந்த மனுஷன் மூக்கைச் சொறிஞ்சா என் கையும் சேந்து போகுதுடா," என்கிறாள் அக்கா.

"மச்சான், உங்க அக்காவைக் கையை ஆட்டாம பேசச் சொல்லு. என் தோள்பட்டை கழண்டுடும்," என்கிறார் மாமா.

நேற்று இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். ஆறு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

பிரிக்கும் திரவம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். ஒரே ஒரு புட்டி இருக்கிறது. தெளித்தால் பத்து நிமிடத்தில் கை பிரிந்துவிடும். இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று அவர்களிடம் சொன்னது, உறவு கூடட்டும் என்றுதான். காலையும் மாலையும் மணிக்கட்டில் கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பார்ப்பதும் அக்கறையால்தான். பன்றித் தோலில் பதினான்கு நாள் தாங்கியது. மனிதத் தோலில் யாரும் பார்த்ததில்லை. புட்டி எங்கே என்பதை இன்னும் ஐந்து நாளில் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் ஒரு தம்பியாகச் செய்ததுதான், ஐயா. ஆய்வறிக்கையில்கூட அவர்கள் மானம் போகக் கூடாதென்று, அக்காவை 'மாதிரி ஒன்று', மாமாவை 'மாதிரி இரண்டு' என்றே எழுதியிருக்கிறேன்.