நகலில் வந்த சாவு

என் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும், சார். அதனால் இந்த வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன். உங்கள் எழுத்தருக்குச் சிரமம் வேண்டாம்.

மருத்துவர் பதிவு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக மூன்றாம் மேசை என்னுடையது. பட்டம் வாங்கிவிட்டால் மட்டும் ஒருவர் டாக்டராகிவிட முடியாது. நான் பதிவேட்டில் ஏற்றி எண் கொடுக்க வேண்டும். புகைப்படத்தில் ஒரு காது தெரியவில்லை என்று பெரிய அறுவை நிபுணரையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். "காதுல என்ன சார் இருக்கு?" என்றார். "எனக்குத் தெரியாது டாக்டர், விதியில இருக்கு" என்றேன். நான் மட்டும் சிரித்தேன்.

என் மச்சினன், மனைவியின் தம்பி, மருத்துவக் கல்லூரிக் கடைசி ஆண்டில் மூன்று முறை தோற்றவன். தங்கமான பிள்ளை. "உங்க மேசையில எத்தனை பேரு டாக்டராகுறாங்க. என் தம்பி ஒருத்தனுக்கு வழியில்லையாங்க?" என்று இவள் தினமும் கண்ணைக் கசக்குவாள். கட்டியவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அந்த வாரம் ஓர் அம்மாள் வந்தார். அவர் கணவர் டாக்டர், எழுபது வயதில் காலமாகிவிட்டார். பதிவேட்டில் பெயரை நீக்க வேண்டும். பெயரைப் பார்த்தேன். முன்னெழுத்து உட்பட மச்சினன் பெயரேதான். அம்மாள் கொண்டுவந்தது இறப்புச் சான்றிதழின் நகல். எங்கள் அலுவலகத்தில் நகலில் வந்த சாவு சாவாகாது. "அசல் வேணும்மா" என்றேன். பாவம், நான்கு நாள் கழித்து அசலையும் கொண்டுவந்தார். "நான் பாத்துக்கறேன், இனிமே நீங்க அலைய வேண்டாம்" என்றேன். கைகூப்பிவிட்டுப் போனார். அதைக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

பிறகு சுலபம். புதுப்பித்தல் படிவத்தில் மச்சினன் படத்தை ஒட்டினேன், இரண்டு காதும் தெரிகிற படம். செத்தவரும் பிழைத்தார், மச்சினனுக்கும் பிழைப்பு கிடைத்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆறு வருடத்தில் ஐந்து புகார்கள். நான்கு பெரியவர்கள், ஒரு குழந்தை. அவன் ஊசி போட்ட அன்றே இறந்தார்கள் என்று எழுதியிருந்தார்கள். 'இவர் பதிவு பெற்றவர்தானா?' என்று கேட்டு வரும் கடிதம் முறைப்படி என் மேசைக்குத்தான் வரும். ஐந்துக்கும் அன்றைக்கே பதில் எழுதினேன்: பதிவு நடப்பில் உள்ளது. எந்த அலுவலகத்தில், சார், அன்றைக்கே பதில் கிடைக்கிறது?

குழந்தையின் அப்பா நேரிலேயே வந்தார். "நெசமான டாக்டர்தானான்னு தெரிஞ்சா போதும் சார்." பதிவேட்டைத் திறந்து காட்டினேன். விரலை வைத்துப் படித்தார். "அப்ப எங்க தலையெழுத்துதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆறுதலை நான்தான் கொடுத்தேன்.

பிறந்த தேதியை மாற்ற மறந்தது என் பிழை. "எழுபத்தாறு வயசுக்கு உங்க மச்சினன் நல்லாத்தான் இருக்காரு" என்றீர்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பிழையை ஒப்புக்கொள்கிறேன்.

மற்றபடி அவன் திறமையில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்: போன வருடம் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவனிடம் காட்டவில்லை, உண்மைதான். அவன் கிளினிக் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறது. படியேறினால் பிள்ளைக்கு மூச்சு வாங்குமே என்று, பேருந்தில் இரண்டு மணி நேரம் போய் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம்.