தொடர்பு விட்டுப்போன ஏழு பேர்

இல்ல டாக்டரம்மா, இந்த மாத்திரையப் பத்தி எங்க டாக்டர் எழுதின ஆராய்ச்சிக் கட்டுரைய நான் பொய்னு சொல்ல வரல. அதுல இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் நான்தான் டைப் பண்ணினேன். அம்பத்து மூணு பேர்ல நாப்பத்தாறு பேருக்கு மூட்டுவலி குறைஞ்சுது. நெசந்தான்.

அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. எங்க பெரிய டாக்டர் வர அரைமணி நேரமாவும். கதவச் சாத்திடறேன்.

உங்க ஆஸ்பத்திரியில இந்த மாத்திரைய எழுதறதுக்கு முன்னாடி நேர்ல விசாரிக்கணும்னு தோணுச்சே, உங்களுக்குப் புண்ணியம். மத்தவங்க முதல் பக்கத்தப் படிச்சதோட சரி.

நாலாம் பக்கம் திருப்புங்க. கீழ, பொடி எழுத்துல. ஆங், அதான். ஆராய்ச்சியில சேந்தவங்க அறுபது பேர், ஏழு பேரோட தொடர்பு விட்டுப்போச்சு, கணக்குல சேக்கல. வீடு மாறிப் போயிருப்பாங்கன்னுதானே நினைச்சீங்க?

யாரும் எங்கயும் போகல. நாலு பேருக்கு வயித்துல புண்ணு, மாத்திரையே வேணாம்னு நிறுத்திட்டாங்க. ரெண்டு பேர் ரத்தவாந்தி எடுத்து வேற ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. நானே போய்ப் பாத்தேன். எல்லாத்தையும் எழுதி டாக்டர் மேசையில வெச்சேன். பாத்துக்கறேம்மான்னாரு. பதினோரு வருஷமா அவர்கிட்ட வேல பாக்கறேன். அவர் வாக்கு எனக்கு வேதம்.

கட்டுரை வந்தன்னிக்கு எல்லாருக்கும் கேக் வெட்டிக் குடுத்தாரு. கடைசிப் பக்கத்துல நன்றின்னு என் பேரும் இருந்துச்சு. வாயில கேக் துண்ட வெச்சுக்கிட்டேதான் இந்த நாலாம் பக்கத்தப் பாத்தேன். முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.

கேக்காம இருப்பேனா? நேரா போய்க் கேட்டேன். ஏழு பேருக்காக இத்தன பேருக்குக் கிடைச்ச நல்லதக் கெடுக்கச் சொல்றியான்னாரு. குரலக்கூட உசத்தல. நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்ட மாதிரி வெளிய வந்தேன்.

இந்தாங்க, நான் எழுதினதோட நகல். பையில வெச்சுக்குங்க.

என்னது? ஓ, எண்ணிட்டீங்களா? ஆமா, ஆறு பேரத்தான் சொன்னேன்.

ஏழாவது எங்க அக்கா. நல்ல மருந்துக்கா, சேந்துக்கோன்னு நான்தான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். ரத்தவாந்தி எடுத்த மூணாம் நாள் போயிட்டா. அவளோடதையும் நானேதான் எழுதிக் குடுத்தேன். சாவுக்கு டாக்டர் வந்தாரு, என் பக்கத்துலயே ரொம்ப நேரம் நின்னாரு. அவ சேரும்போது நிரப்பின பாரத்துல தொடர்புக்குன்னு இருந்தது என் நம்பர்தான் டாக்டரம்மா. அவர் கட்டுரை எழுதறப்ப நான் அடுத்த ரூம்லதான் உக்காந்திருந்தேன்.