உதைப்பதற்கு மட்டும் ஓர் ஆள்

செவ்வாய் காலை ஏழு பத்துக்கு, மானிப்பாய் பஸ் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கலியாணத் தரகரும் பெண்ணைப் பெற்றவர் ஒருவரும் நின்றார்கள்.

"மாப்பிள்ளைக்கு அமெரிக்காவிலை பந்து உதைக்கிற உத்தியோகம், அண்ணை," என்றார் தரகர்.

"நாள் முழுக்க ஓடுவாரோ?"

"சீச்சீ! அங்கத்தைய ஃபுட்போலிலை மற்றவை பந்தைக் கையிலை கொண்டு ஓடி, இடிபட்டு விழுவினம். இவர் ஓரத்திலை வாங்கிலை குந்தி இருப்பார். கூப்பிட்டால் போய் ஒருக்கா உதைச்சுப்போட்டு, திரும்ப வந்து இருப்பார்."

"ஆரும் இடிச்சுக் காலை முறிச்சால், என்ரை பிள்ளையின்ரை கதி?"

"உதைக்கேக்கை இவரிலை முட்டினால் முட்டினவனுக்குத்தான் தண்டனை."

"உதை பிழைச்சால்?"

"சனம் கத்தும். சம்பளம் வரும்."

பெண்ணின் தகப்பன் கையை நீட்டினார்.

"உது அரசாங்க உத்தியோகமெல்லோ! சாதகத்தைத் தாரும்."