மைக் கட்டியவருக்கும் வணக்கம் சொன்ன நாள்

முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் எங்கள் இல்லத்துப் பிள்ளைகளே! என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் தலைவர் கமலநாதன் அவர்களே! சான்றோர்களே! பொறுமைக்கே பொறுமை கற்றுத்தரும் தாய்மார்களே! வணக்கம்.

தலைவருக்கு முன்னால் பிள்ளைகளா என்று அங்கே ஓர் அங்கிள் முறைக்கிறார். காரணம் இருக்கிறது ஐயா, சொல்கிறேன்.

அடிதடி கேங்கில் சிக்கி, நீதிமன்றப் படியேறிய பையன்கள் தங்கித் தொழில் பழகித் தலைநிமிர, கிள்ளானில் இந்த இல்லத்தைத் தொடங்கினோம். திறப்பு விழாவில் அடியேன் பேசினேன். பேசினேனா? பொழிந்தேன்! பொரிந்தேன்! புரவலரை விளித்தேன், பந்தல் போட்டவரை விளித்தேன், மைக் கட்டியவரையும் விளித்தேன். நிமிர்ந்து பார்த்தால், பிள்ளைகளின் நாற்காலிகள் காலி! இளைஞர் இல்லம் இருக்கிறது, இளைஞர்கள் இல்லை!

அந்தி சாய்வதற்குள் நலத்துறை அதிகாரி வருவார். பிள்ளைகள் இல்லாவிட்டால் நீதிமன்றம் அவர்களைச் சிறைக்கு அனுப்பிவிடும். மாலையும் கழுத்துமாக ஓடினேன். தெருமுனை மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருப்பேனா? “என் இளஞ்சிங்கங்களே” என்று அங்கேயும் ஆரம்பித்தேன். குகன் என்ற பையன் கைகாட்டி நிறுத்தினான்.

“அண்ணே, மைக் கட்டுனவருக்குக்கூட வணக்கம் சொன்னீங்க. எங்க பேரு ஒண்ணுகூட வரல லா. யாருக்கு வீடு தொறந்தீங்க?”

வெட்கமாக இருந்தது. மாலையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அவர்கள் பேசினார்கள்; நான் கேட்டேன். தே ஆறிப்போனது. அதிகாரி வருவதற்குள் எல்லோரும் என்னோடு வீடு திரும்பினார்கள். நான் வாயை மூடியதால் வந்தார்கள், தாய்மார்களே!

அன்று முதல் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகள் பேசுவார்கள். நிர்வாகியான நான் வாய் திறக்கக் கூடாது. எங்கள் இல்லத்தின் வரலாறு, என் வாய் அடைக்கப்பட்ட வரலாறு! அதோ, என் மனைவி புஷ்பவல்லி கைதட்டுகிறார். இந்த விதி எங்கள் வீட்டுக்கும் வேண்டுமாம்.

இந்தத் தாமான் குடியிருப்பு மக்களே! இல்லம் உங்கள் தெருவில் இருக்கலாமா, கூடாதா என்று இன்று கைதூக்கி முடிவெடுக்கப் போகிறீர்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உங்கள் பயமும் புரிகிறது. உங்களைக் கரைக்கக் கனல் பறக்கும் உரையொன்று எழுதி வந்தேன். அது சட்டைப்பையிலேயே கிடக்கட்டும். உங்களில் பலர் வீட்டு ஏர்கோன் குளிர்சாதனங்களைப் பழுது பார்ப்பவர் அதே குகன்தான். இப்போது அவர் பேசுவார். கேட்டுவிட்டுக் கைதூக்குங்கள்.

என்ன, இவ்வளவு பலமான கைதட்டலா? நான் உட்காரப் போவதற்கா? பரவாயில்லை, ஏற்றுக்கொள்கிறேன். இதுவரை பொறுத்ததற்கும் இனிமேல் கேட்கப்போவதற்கும் உங்களுக்கு என் நன்றி, வணக்கம்.

மதிப்பிற்குரிய குகன் அவர்களே, மேடைக்கு வாருங்கள்.