கறி ஆறும்வரை

சூடாக இருப்பதையே ருசி என்று நினைத்துக்கொள்கிறார்களே, பாவம். எதிரே உட்கார்ந்திருந்த பெண் போலீஸ் அதிகாரி டீயை ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்தபோது எனக்குள் ஓடியது இவ்வளவுதான். நாக்கு பொத்துப்போனால் அப்புறம் என்ன ருசி தெரியும்? சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. கேட்காதவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

அவர் கேட்டது வேறு. என் கணவர் புகையறைக்குள் எப்படி மாட்டிக்கொண்டார் என்று கேட்டார். சொன்னேன். ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒன்றையும் உங்களிடம் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

எங்களுடையது கறியை நெருப்பில் வாட்டியும் புகையில் வேகவைத்தும் விற்கிற கடை. முன்பக்கம் மேசைகள். நடுவில், எல்லோரும் பார்க்கும்படி, என் கணவர் நின்று கறி அறுக்கும் பலகை. பின்பக்கம் என் சமையலறை, அதை ஒட்டிப் புகையறை. மாடியில் நாங்கள் இருவரும் அத்தையும், அதாவது அவருடைய அம்மாவும், குடியிருந்தோம். வேகவைப்பது என் வேலை, அறுப்பது அவர் வேலை. அறுப்பவரைத்தான் ஜனங்களுக்குத் தெரியும்.

நெருப்பிலிருந்து எடுத்த கறியை உடனே அறுக்கக் கூடாது. அது அப்போது முறுக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே இருக்கும் சாறு எங்கே போவதென்று தெரியாமல் தவிக்கும். கத்தியை வைத்தால் அத்தனையும் பலகைக்குப் போய்விடும். பலகை குடித்தது போக மிச்சம் இருக்கிற சக்கையைத்தான் தட்டில் வைப்பார்கள். காகிதத்தில் சுற்றி, துணியில் பொதிந்து, தொடாமல் விட்டுவிட வேண்டும். மெல்ல மெல்ல அது தளர்ந்து, தன் சாற்றைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது சிலருக்குக் கடினம்.

அவருக்குக் கடினம். ஆவி பறக்கப் பறக்க அறுத்தால்தான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பார். கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொன்னால் மேசைகளைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"கறிக்கு இப்பதான் பிரசவம் ஆயிருக்காம். படுத்திருக்கணுமாம். என் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து தாலாட்டு பாடுறா."

எல்லோரும் சிரிப்பார்கள். நன்றாகச் சொல்வார், நானே சில நாள் சிரித்திருக்கிறேன். எனக்குக் குறைப்பிரசவம் ஆன வாரத்தில் நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதும் இதையே சொன்னார். மறந்து சொல்லியிருப்பார். இதை நான் ஒரு காரணமாகச் சொல்லவில்லை.

சண்டை போடுவதை நிறுத்திவிட்டு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மேசைக்கு அடியில் ஒரு பழைய ஐஸ் பெட்டி கிடந்தது. ஐஸ் வைக்கிற பெட்டியில் வெந்த கறி இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? புகையறையிலிருந்து எடுத்ததும் சுற்றிப் பொதிந்து அதற்குள் வைத்து மூடிவிடுவேன். அவர் வந்து ஆச்சா என்றால், இன்னும் வேகவில்லை என்பேன். ஆறிய பிறகு அடுப்பில் ஒரு புரட்டுப் புரட்டி, தோல் சீறும்போது கொண்டுபோய்ப் பலகையில் வைப்பேன். அப்போதுதான் எடுத்தது என்று நினைத்து அறுப்பார். பலகை உலர்ந்தே இருக்கும். "பாத்தீங்களா, சுடச்சுட அறுத்தா இப்படித்தான்" என்பார். வருஷக்கணக்கில் இப்படி ஓடியது. எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கறிக்கு வேண்டியது கிடைத்ததா, அவ்வளவுதான்.

பெரிய ஓட்டல்காரர் ஒருவர் எங்களோடு கூட்டுச் சேர நினைத்தார். ருசி பார்க்க ஒரு மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். புதுக் கடைக்கு வேறு மாஸ்டர், கண்ணாடி போட்ட அடுப்பு, நெருப்பிலிருந்து எடுத்த கையோடு மேசையில் வைத்தே அறுப்பது என்று முடிவாகியிருந்தது. அன்று காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே என் கணவர் அதை என்னிடம் சொன்னார்.

"இனிமே நீ அடுப்படி பக்கமே வர வேணாம். கல்லாவுல ஜம்முனு உக்காந்துக்கோ. கறிய எப்ப எடுக்கணும்னு மாஸ்டர் பாத்துப்பான்."

எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். நான் இஸ்திரிப் பெட்டியை வாங்கி, அவர் விட்டுவிட்ட கைமடிப்பைத் தேய்த்துக் கொடுத்தேன்.

ஓட்டல்காரர் வந்தபோது தொடைக்கறி பெட்டிக்குள் இருந்தது. அப்போதுதான் வைத்திருந்தேன். என் கணவர் சமையலறைக்குள் வந்தார். இன்னும் வேகவில்லை என்றேன். "வெந்த வரைக்கும் போதும், எடுத்துட்டு வரேன்" என்று புகைப்போக்கியின் சங்கிலியை இழுத்து மாட்டினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புகையறை ஜன்னல் இல்லாத சின்ன அறை. இரும்புக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், வெளியே கொண்டி தானாக விழும். உள்கைப்பிடி கழன்று வெகுநாளாகிறது. நாளைக்கு மாட்டுகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். புகை வெளியேற முதலில் சங்கிலியை இழுத்து வெளிச்சுவர்க் கொக்கியில் மாட்டி மேல்மூடியைத் திறப்போம். ஒருவர் உள்ளே போனால் மற்றவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே உள்ளே போனார். நான் பிடித்துக்கொள்வேன் என்று அவருக்குத் தெரியும்.

பிடித்துக்கொண்டுதான் நின்றேன். கறி இங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அறுத்திருப்பார். நல்ல தொடை அது. இடுப்பு வலிக்க விடியற்காலையிலிருந்து பார்த்துப் பார்த்து வேகவைத்தது. நான் கதவைத் தள்ளவில்லை. கையை எடுத்தேன்.

முதலில் சிரித்தார். "எங்கடி கறி? கொக்கி காலியா இருக்கு" என்றார். பிறகு தட்டினார். முன்பக்கம் மின்விசிறிகளும் பாட்டும். அங்கே ஒன்றும் கேட்காது. நான் வெங்காயம் நறுக்கினேன். பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை, அடிக்கடி திறந்தால் சூடு போய்விடும். தட்டுவது ஒரே சீராக இருந்தது. அப்புறம் இடைவெளி விட்டு வந்தது. அப்புறம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் காகிதத்தைப் பிரித்து விரலால் அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது.

அன்று நானே அறுத்தேன். பலகையில் ஒரு சொட்டு இல்லை. ஓட்டல்காரர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "உங்க வீட்டுக்காரர் கைப்பக்குவமே தனிதாம்மா. எங்க அவரு?" என்றார். உள்ளேதான் இருக்கிறார் என்றேன். மாடிக்கு ஒரு தட்டு கொண்டுபோனேன். அத்தைக்குப் பல் கிடையாது. நான் ஆறவைத்த கறியை மட்டும்தான் அவரால் மெல்ல முடியும். "இன்னைக்கு வெண்ணெய் மாதிரி இருக்குடி. அவன் சாப்பிட்டானா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். பிறகு இறங்கிவந்து கதவைத் திறந்தேன்.

எனக்குக் கோபம் இருந்ததா என்று அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை. புகைப்போக்கியின் மூடி எப்படி மூடியிருந்தது என்று கேட்டார். கொண்டி தானாக விழும், மூடி தானாக மூடாது. சங்கிலியைக் கொக்கியிலிருந்து நான்தான் கழற்றிவிட்டேன் என்றேன். எப்போது என்று கேட்டார். அதற்குத்தான் நான் பதில் சொல்லவில்லை.

அத்தையை உள்ளே விட்டார்கள். அழுது முடித்த முகம். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா என்னடி சொன்னான்? உனக்கு மட்டுந்தானே கேட்டிருக்கும். அம்மான்னு கூப்பிட்டானா? அத மட்டும் சொல்லிடும்மா. அத வச்சுக்கிட்டு நான் இருந்துடுவேன். வேற ஒண்ணும் கேக்கல."

அம்மா என்று கூப்பிடவில்லை. தட்டுவதை நிறுத்திவிட்டுக் கதவோடு வாயை வைத்துப் பேசியிருக்க வேண்டும், அவ்வளவு பக்கத்தில் கேட்டது. "எடுத்து ஆற வச்சிருக்கியா? எல்லா நாளும் அப்படித்தான் வச்சியா? சரி. நீ சொன்னதுதான் சரி. எவ்வளவு நேரம் வேணுமோ ஆறட்டும். நான் தொடல. கதவ மட்டும் திற" என்றார். கிண்டல் இல்லாத குரல். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

திறந்திருந்தால் வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள் அதையும் மேசைகளுக்கு முன்னால் ஒரு சிரிப்பாக ஆக்கியிருப்பார். சூட்டோடு சொன்ன வார்த்தை. அறுத்தால் ஒன்றும் மிஞ்சாது. அதை அப்படியே, யாரும் தொடாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அதைக் கேட்ட பிறகுதான் சங்கிலியைக் கழற்றினேன்.

அத்தை காத்துக்கொண்டிருந்தார். அவருடைய கையை என் கையிலிருந்து மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"அது எனக்குச் சொன்னது, அத்தை," என்றேன். "அதக் கேக்காதீங்க."