பின்சுவர்ப் பதிவேடு

உங்கள் ஸ்டேஷன் வாசலில் படுத்திருக்கும் செவலை நாய்க்கு இடது காதுக்குள் உண்ணி மொய்த்துக் கிடக்கிறது. வேப்பெண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்தால் இரண்டு நாளில் உதிர்ந்துவிடும். நான் வந்ததிலிருந்து அது தலையை உதறிக்கொண்டே இருக்கிறது, பார்க்கவே பாவமாக இருக்கிறது. இதை முதலில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் ஐயா தாளும் பேனாவும் கொடுத்து, மனதில் உள்ளதை முதலிலிருந்து எழுதச் சொன்னார்கள். என் மனதில் முதலில் இருந்தது அதுதான்.

என் பெயர் தனுஷ்கோடி. வயது ஐம்பத்து மூன்று. பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு பத்து வருஷமாக ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு நூல் மில்லில் செக்யூரிட்டி வேலை. எல்லோரும் என்னை 'மிலிட்டரி' என்பார்கள். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. கேட்டை ஒட்டி மில் கொடுத்த ஓர் அறைதான் வீடு. அந்த வேலை போனால் பாய் விரித்துப் படுக்க எனக்கு வேறு இடம் கிடையாது. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

மில்லுக்குள் பெண்கள் விடுதி இருக்கிறது. நூற்று நாற்பது பெண்கள். மூன்று வருஷ ஒப்பந்தம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆட்கள் வந்து கேட்டருகே பார்த்துவிட்டுப் போகலாம். வெளியே போக வேண்டுமானால் மேனேஜர் கையெழுத்தும் என் கையெழுத்தும் உள்ள கேட் பாஸ் வேண்டும். அது லேசில் கிடைக்காது. முன்பக்கம் பெரிய கேட். பின்பக்கம் ஏழடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் கண்மாய்க்கரை, கரையேறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ரோடு. விடுதி ஆரம்பித்த முதல் வருஷம் அந்தச் சுவரேறி ஒன்பது பெண்கள் போய்விட்டார்கள். மேனேஜர் ராஜரத்தினம் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"இன்னொரு பிள்ள செவரேறிப் போச்சுன்னா, மிலிட்டரி, பொறவு நீரும் பெட்டியத் தூக்க வேண்டியதுதான்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

எங்கள் ராஜபாளையம் நாயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளை வெளேரென்று, மூக்கு ரோஸ் நிறத்தில், குதிரைக் குட்டி மாதிரி நிற்கும். ஆனால் ஓர் ஈற்றில் இரண்டொன்று செவிடாகப் பிறந்துவிடும். வளர்க்கிறவர்கள் குட்டிக்குப் பின்னால் நின்று பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். திரும்பாத குட்டியை யார் வாங்குவார்? சாக்கில் போட்டு எங்கேயாவது விட்டுவிடுவார்கள். எங்கள் பின்சுவருக்கு வெளியே அப்படி விட்ட குட்டிகளை நான் எடுத்து வளர்த்தேன். எட்டு நாய்கள் சேர்ந்தன. விடுதிக்கும் பின்சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்தில் விட்டேன். ஒரு நாளைக்கு ஒருவேளைச் சோறு, அதுவும் என் கையால் மட்டும். அரை வயிறு. முழு வயிறு சாப்பிட்ட நாய் தூங்கிவிடும். காக்கிச் சட்டையைத் தவிர வேறு எந்தத் துணியையும் அவை பக்கத்தில் விடாது. செவிட்டு நாயின் விசேஷம் என்னவென்றால், போ என்றாலும் சூ என்றாலும் அதற்கு ஒன்றுதான். அதட்டி நிறுத்த முடியாது. நான் கையைக் காட்டினால் மட்டும் நிற்கும், காட்டிய பக்கம் போகும். அதற்குப் பிறகு நாலு வருஷம் ஒரு பெண்ணும் சுவரேறவில்லை. அதில் முதல் வருஷ ஆயுதபூஜைக்கு மேனேஜர் எனக்குத் தனியாக ஒரு வேட்டி கொடுத்தார்.

பரிபூரணம் டாக்டரம்மா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மொபெட்டில் வந்தது இந்த வருஷம், தொண்ணூற்று மூன்று சித்திரையில். கால்நடை மருத்துவர். நாய்களைக் கொல்லாமல், மெட்ராஸில் சிலர் செய்வதுபோலக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடப்போவதாகச் சொன்னார். வெளித் தெருக்களில் பாதி முடித்துவிட்டாராம். மில், ஆஸ்டல் மாதிரியான பூட்டிய இடங்களுக்குள்தான் விடமாட்டேன் என்கிறார்களாம்.

"ஒரு நாய்க்கு அரை மணி நேரந்தான் அண்ணாச்சி. நாலு நாள் எங்கிட்ட வச்சிருந்து, காது நுனியில அடையாளம் வெட்டி, அதே எடத்துல கொண்டாந்து விட்டுருதேன்."

"அந்நிய ஆள் உள்ள வரக் கூடாதும்மா. அது ரூலு."

"நாய்க்கு ஏது ரூலு? வெளி நாய் சாக்கடை வழியா வருது, போகுது. ஒண்ணுக்கு வெறி வந்தாக்கூட உள்ள இருக்க பிள்ளைக எங்க ஓடும்?"

நல்ல கேள்விதான். அந்த நேரம் எட்டில் ஒன்று, ஒரு பெட்டை, சந்திலிருந்து கேட்டுக்கு வந்துவிட்டது. டாக்டரம்மா கம்பிக்குள் கையை விட்டார். விரலைத் துண்டாக்கப் போகிறது என்று நான் நினைக்க, அது முகர்ந்து பார்த்துவிட்டு நக்கியது. நாலு வருஷத்தில் என் கையை ஒரு நாய் நக்கியதில்லை. எனக்குச் சுருக்கென்றது, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அதைவிட மோசம், ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டாள். அவள்தான் அழகுத்தாய். வன்னியம்பட்டிப் பெண், பதினெட்டு வயது.

டாக்டரம்மா மேனேஜருக்கு எழுதிப் போட்டார். மேனேஜர் நல்ல மனநிலையில் இருந்தாரோ என்னவோ, அனுமதி கொடுத்துவிட்டார். கருத்தடை செய்ய, தடுப்பூசி போட, அடிபட்ட நாய்களை மீட்டுக்கொண்டு போக, வியாழக்கிழமைதோறும் டாக்டர் பரிபூரணத்தை உள்ளே விடவும் என்று டைப் அடித்த கடிதம். கேட்டில் இருப்பவன் நான் என்பதால் கடிதம் என் கைக்கு வந்தது. மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்தேன். வியாழக்கிழமை அவர் வந்தபோது ஆர்டர் வரவில்லை என்றேன். டாக்டர் வந்தாரா என்று மேனேஜர் கேட்டபோது வரவில்லை என்றேன். ஐந்து வியாழக்கிழமை அந்த அம்மா வெயிலில் வந்துவிட்டுத் திரும்பிப் போனார். ஒருநாள் தண்ணீர் கேட்டார், பானையிலிருந்து மொண்டு கொடுத்தேன்.

நாய்கள் சாதுவாகிவிட்டால் சுவர் வெறும் சுவர்தான், ஐயா. சுவர் வெறும் சுவரானால் நான் தெருவில் நிற்க வேண்டும். இது புரியாத காரியம் இல்லை.

இதற்குள் அழகுத்தாய் மெஸ்ஸில் மிஞ்சும் இட்லியை ஜன்னல் வழியாகப் போட்டு அந்தப் பெட்டை நாயைப் பழக்கிவிட்டாள். அதற்கு 'வெள்ளையம்மா' என்று பெயரும் வைத்தாள். செவிட்டு நாய்க்குப் பெயர் வைத்த முதல் ஆள் உலகத்திலேயே அவளாகத்தான் இருக்கும். கூப்பிட்டால் அது வராது. அவள் கையை நீட்டினால் வந்தது.

ஆனி இரண்டாம் வாரத்தில் மலைப் பக்கமிருந்து ஒரு கறுப்பு நாய் சாக்கடை வழியாக உள்ளே புகுந்து வெள்ளையம்மாவைத் தோளில் கடித்துவிட்டு ஓடியது. மூன்று வாரம் கழித்து வெள்ளையம்மா சோற்றைத் தொடவில்லை. கல்லைக் கடித்தது. தாடை தொங்கி எச்சில் வடிந்தது. பட்டாளத்தில் ஒரு முகாமில் இப்படி ஒரு நாயைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வெறிதான் என்று எனக்கு நிச்சயமில்லை. ராஜபாளையம் ஜாதி நாய்க்கு வெறி பிடிக்காது என்று எங்கள் பக்கம் சிலர் அடித்துச் சொல்வார்கள். அதை நானும் நம்பிக்கொண்டேன். சுருக்குக் கயிறு வீசிப் பிடித்து, பஞ்சுக் கழிவு குடோனுக்குப் பின்னால் கட்டினேன். அதற்குள் மற்ற நாய்களில் இரண்டை அது கடித்திருந்தது. மேனேஜரிடம் சொன்னால் முதல் காரியமாக டாக்டரைக் கூப்பிடுவார். டாக்டர் வந்தால் கடிதம் வெளியே வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு இரண்டு நாள் முன்னால் அழகுத்தாய் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, எங்கம்மா தேர் பாக்க வாரா. ஏழு மாசமாச்சு அவளப் பாத்து. தேரடியிலயே பாத்துட்டுச் சாயங்காலத்துக்குள்ள வந்துருதேன்."

"ஒனக்குக் குடுத்தா நூத்தி நாப்பது பேருக்கும் குடுக்கணும்."

"அப்ப நான் எப்படிப் பாக்க?"

"வார ஞாயித்துக்கெழம வரச் சொல்லு."

"அவளுக்குக் காடு கரை வேல ஐயா. அவளால எங்க வர முடியுது?"

அவள் அழவில்லை. பின்பக்கம் திரும்பிச் சுவரை ஒரு தடவை பார்த்தாள். இருபத்தேழு வருஷமாக ஆட்களைப் பார்க்கிற கண் இது. அவள் ஏறுவாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மற்ற நாய்கள் அவளைக் கண்டு குரைப்பதை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது.

தேரன்று காலை பத்து மணி நாற்பது நிமிஷத்துக்கு அலறல் கேட்டது. அவள் ஒரு கையில் இட்லிப் பொட்டலத்தோடு சுவரடியில் கிடந்தாள். வெள்ளையம்மா அவளைக் கையிலும் கன்னத்திலும் கடித்திருந்தது. "வெள்ளையம்மா, வெள்ளையம்மா" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நாயை நான் லத்தியால் அடித்துக் கொன்றேன். அவள் காயத்தைக் கழுவி மஞ்சள் வைத்துக் கட்டினேன்.

"ஆஸ்பத்திரியில தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போடணும்பாகளே ஐயா" என்றாள்.

"அது தெருநாய்க்கு. இது ஜாதி நாய், வெறி பிடிக்காது. நீ செவரேறினத நான் எழுதல. நாய் கடிச்சத நீ யார்கிட்டயும் சொல்லாத. கம்பியில விழுந்தேன்னு சொல்லு."

அவள் என்னைக் கும்பிட்டாள். நிஜமாகவே கும்பிட்டாள், ஐயா.

முப்பத்தைந்தாவது நாள் மெஸ்ஸில் தண்ணீர் டம்ளரைப் பார்த்து அவள் தொண்டை இழுத்துக்கொண்டது. காய்ச்சல் என்று எழுதி, வன்னியம்பட்டிக்குப் போகக் கேட் பாஸ் கொடுத்தேன். அவள் கேட்டு நான் முன்பு மறுத்த பாஸ்தான். மில் வேனிலேயே அனுப்பினேன். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள்.

அவள் அம்மா சீனியம்மாள் ஒரு வாரம் கழித்துப் பெட்டியை வாங்க வந்தாள். அவளைக் கேட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன்.

"என்ன கடிச்சதுன்னு டாக்டருமாரு எம்புட்டோ கேட்டாக. கம்பியில விழுந்தேன்னே சொன்னா. நெனவு வந்தப்ப எங்கிட்ட மட்டும், மிலிட்டரி ஐயா என்னையக் காட்டிக் குடுக்கல, அவியளுக்கு ஒரு கெடுதலும் வந்துரக் கூடாதுன்னா. நீங்க நல்லா இருக்கணும் சாமி."

தகரப் பெட்டி கனமாக இல்லை. பஸ் வரும்வரை நான்தான் தூக்கிக்கொண்டு நின்றேன். அன்று சோறு இறங்கவில்லை. குற்றம் செய்துவிட்டதாக நினைத்து அப்படி ஆகவில்லை. வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

இனி நான் இங்கே வந்த காரணம். நேற்றுக் காலை, வெள்ளையம்மா கடித்த இரண்டு நாய்களில் ஒன்று பின்சுவரின் காரையைக் கடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றைக் காணவில்லை. விடுதியில் இப்போது நூற்று முப்பத்தொன்பது பெண்கள் இருக்கிறார்கள். இதை எழுதலாம் என்று பதிவேட்டைத் திறந்தேன். டாக்டரம்மாவுக்கான கடிதம் கீழே விழுந்தது. அதில் கடைசித் தேதி எதுவும் போடவில்லை, இன்றைக்கும் செல்லும். அவரை உள்ளே விடச் சொல்லலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. கடிதம் கிடந்த பக்கத்தில்தான் தேரன்றைய பதிவும் இருந்தது. என் கையெழுத்துத்தான். "காலை 10.30. குடோன் பின்புறம் கட்டியிருந்த நாய், கயிறு அறுந்து ஓடிவிட்டது."

கயிறு அறவில்லை. பத்தரை மணிக்கு அழகுத்தாய் துணி காயப்போடுகிறவள் மாதிரி விடுதிக்குப் பின்னால் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் குடோனுக்குப் போனேன். வெள்ளையம்மாவின் வாய் என் கைக்கு எட்டிவிடக் கூடாது என்று பன்னிரண்டடி மூங்கில் கழியை எடுத்துக்கொண்டேன். தள்ளி நின்று, கழி நுனியால் சுருக்கைத் தளர்த்தினேன். சந்துப் பக்கம் கையைக் காட்டினேன். அது போயிற்று. பிறகு கேட்டுக்கு வந்து, பேனாவை எடுத்து, அந்த வரியை எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.

மேனேஜரிடமும் டாக்டரம்மாவிடமும் சொன்னதெல்லாம் வாயால் சொன்னது, எழுத்தில் இல்லை. காய்ச்சல் என்று எழுதியது கேட் பாஸில், பதிவேட்டில் இல்லை. அவள் சுவரேறியதை எழுதாமல் விட்டது அவளுக்குக் கொடுத்த வாக்கு. அவளுக்கு ஒரு கெடுதலும் நான் நினைத்ததில்லை. பட்டாளத்திலும் மில்லிலுமாக இருபத்தேழு வருஷம் பதிவேடு எழுதியிருக்கிறேன், பொய்யாக எழுதியது இந்த ஒரு வரிதான். 'கயிறு அறுந்து' என்பதை அடித்துவிட்டு 'கயிற்றை நான் அவிழ்த்துவிட்டதால்' என்று மேலே எழுத எனக்கு அனுமதி தர வேண்டும். பதிவேட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.